காட்டில் தொலைந்த குழந்தைகளும் தேடிய ஊராரும்

ஊரில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்ற சொல் எழுந்த மாத்திரத்தில் உழவர் ஏரை நிறுத்துவர். வணிகர் கடையைப் பூட்டுவர். நெடுநாள் பேச்சற்றிருந்த இரு வீட்டாரும் ஒரே விளக்கின் ஒளியில் நடப்பர். அங்கே அழைப்போலை வேண்டுவதில்லை. கூலிப் பேச்சும் எழுவதில்லை. எந்நாட்டிலும் எக்காலத்திலும் மக்களிடம் காணப்படும் நற்பண்புகளுள் இஃது ஒன்று. ஆயினும், இங்ஙனம் திரண்டவர் தாம் தேடிய குழந்தையைக் கண்டெடுத்தனரா என்று வரலாற்றை வினவினால், விடை எப்போதும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. நூற்றுக்கணக்கானோர் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்காத குழந்தைகள் உண்டு. மூவர் தேடிக் கிடைத்த குழந்தைகளும் உண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் வரலாறு நல்ல பாடமாக அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து வந்து குடியேறிய மக்கள், தாம் அறியாத ஒரு பெரு நிலத்தின்மேல் தம் வாழ்வை அமைத்துக்கொண்டனர். ஆட்டுப் பண்ணைகள் பல காதம் பரந்து கிடந்தன. மேய்ப்பனின் குடிசை ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மைல்கணக்கில் காடு. வேலி இல்லை, சாலை இல்லை, வழி காட்டும் குன்றும் பல இடங்களில் இல்லை. வீட்டு வாயிலிலிருந்து விளையாடச் சென்ற குழந்தை, நூறு அடி கடந்ததும் வீட்டின் கூரையைக் காண இயலாது. ஆகவே, அந்நாட்டில் குழந்தைகள் காட்டில் தொலைவது அரிய நிகழ்ச்சியாக இருக்கவில்லை. 1885-ஆம் ஆண்டில் மெல்போர்னுக்கு அருகிலுள்ள லில்லிடேல் பகுதியில் காணாமற்போன 12 வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று வாரங்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டாள். அதற்கு அடுத்த ஆண்டில் பிரெடரிக் மெக்கபின் என்னும் ஓவியர், உயர்ந்த மரங்களிடையே தனித்து நின்று கண்ணீர் துடைக்கும் ஒரு சிறுமியை வரைந்தார். 'தொலைந்தவள்' என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய அவ்வோவியம் அந்நாட்டின் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று. ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறதோ அதைத்தானே ஓவியத்திலும் கதையிலும் திரும்பத் திரும்பக் காட்டும்!

இத்தகைய நிகழ்ச்சிகளுள் மிகவும் அறியப்பட்டது 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது. இடம், விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் உள்ள விம்மெரா மாவட்டம். நாட்டிமுக் என்ற ஊருக்கு அப்பால் ஸ்பிரிங் ஹில் என்னும் ஆட்டுப் பண்ணை இருந்தது. அங்கே மேய்ப்பனாகப் பணிசெய்த டஃப் என்பவரின் குடிசையில் மூன்று குழந்தைகள். மூத்தவன் ஐசக், வயது 9. அடுத்தவள் ஜேன், வயது 7. கடைக்குட்டி பிராங்க், நான்கு வயது நிரம்பாதவன். ஆகஸ்டு 12-ஆம் நாள், துடைப்பம் கட்டுவதற்கான செடிக்கொம்புகளைப் பறித்துவரத் தாய் அவர்களை அருகிலிருந்த புதர்க்காட்டுக்கு அனுப்பினாள். அவர்கள் முன்னரும் சென்றுவந்த இடமே அது. ஆனால், அன்று மாலை அவர்கள் திரும்பவில்லை.

அப்பகுதியில் வளரும் மாலீ என்பது யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மரம். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து, மனிதன் தலைக்குமேல் சற்றே உயர்ந்து நிற்கும். எப்பக்கம் திரும்பினும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே தோற்றம். அதனுள் புகுந்தவன் வானத்தைத் தவிர வேறு எதனையும் அடையாளமாகக் கொள்ள இயலாது. மேகம் மூடினால் அதுவும் இல்லை. கதிரவனோ திங்களோ தோன்றாத வேளையில், அறியாத காட்டில் நேராக நடப்பதாக எண்ணி நடப்பவன் உண்மையில் வட்டமிட்டே நடக்கிறான் என்பதை 2009-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சோதனை செய்து மெய்ப்பித்தனர். வளர்ந்தவர்க்கே இந்நிலை என்றால், மூன்று சிறு குழந்தைகளின் நிலை எவ்வாறு இருந்திருக்கும்!

அன்றிரவே தந்தை தேடினார். செய்தி பரவியதும் சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் குதிரைகளில் வந்து சேர்ந்தனர். ஏறத்தாழ முப்பது பேர் நாள்தோறும் காட்டைத் துழாவினர். 'கூஈ' என்று நெடிதாக ஒலி எழுப்பி அழைத்தனர். அவ்வொலியும் அந்நாட்டுப் பழங்குடியாரிடமிருந்து வெள்ளையர் கற்றுக்கொண்டதே. தொடக்கத்தில் சில அடிச்சுவடுகள் தென்பட்டன. இடையில் ஒரு பெருமழை பெய்து அவற்றை அழித்துவிட்டது. நாட்கள் கழிந்தன. அது குளிர்காலம், இரவில் குளிர் கடுமையாக இருந்தது. உயிரோடு காணலாம் என்ற நம்பிக்கை தேடியவர் உள்ளத்தில் மெல்ல மங்கிற்று. ஆயினும் அவர்கள் வீடு திரும்பவில்லை. இதனை நாம் மறத்தலாகாது.

இந்நிலையில் தந்தை வேறொரு பண்ணைக்குச் சென்று, பழங்குடியினராகிய தடம் காண்போர் மூவரை அழைத்துவந்தார். அவருள் ஒருவர் வோட்ஜோபலுக் குடியைச் சேர்ந்தவர். அவருடைய மக்கள் வழங்கிய பெயர் ஜங்குன்ஜினானுக். வெள்ளையர் அப்பெயரைச் சொல்ல முயலாமல் 'டிக்-அ-டிக்' என்று விளையாட்டுப் பெயர் இட்டு அழைத்தனர். முப்பது குதிரை வீரர் பலநாள் தேடியும் காணாததை அம்மூவர் வந்தபின் விரைவிலேயே காண முடிந்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள், வீட்டைவிட்டுச் சென்ற ஒன்பதாம் நாள், குழந்தைகள் மூவரும் ஒரு புதரடியில் படுத்திருக்கக் கண்டனர். மூவருக்கும் உயிர் இருந்தது. அவர்கள் நடந்திருந்த தொலைவு ஏறத்தாழ 60 மைல்கள் என்று கணக்கிடப்பட்டது.

உணவு இல்லை, நீரும் அரிதாகவே கிடைத்தது. மூத்த இருவரும் தம்பியை மாறி மாறிச் சுமந்தனர். இரவில் ஜேன் தன் மேலாடையைக் கழற்றித் தம்பியின்மேல் போர்த்தினாள். இச்செய்தி வெளிவந்ததும் நாடு முழுவதும் அவளைப் போற்றியது. அவள் பொருட்டு நிதி திரட்டப்பட்டது. பின்னர் விக்டோரியா மாநிலப் பள்ளிகளின் வாசகப் புத்தகத்தில் இந்நிகழ்ச்சி பாடமாக இடம் பெற்றது. பல தலைமுறை மாணவர் அதைப் படித்து வளர்ந்தனர். ஜேன் நெடுங்காலம் வாழ்ந்து 1932-ஆம் ஆண்டில் காலமானார்.

ஜேனின் அன்பைப் போற்றுவது முறையே. ஆனால், அம்மூவரையும் கண்டெடுத்த கலை எத்தகையது என்பதை நாம் சற்று நின்று காணவேண்டும். தடம் காணுதல் என்பது ஏதோ மாயம் என்றும், பழங்குடியாருக்குப் பிறவியிலேயே வாய்த்த புலன் என்றும் அக்காலத்தார் பலர் எண்ணினர். உண்மை அதுவன்று. அது கற்றுப் பயின்ற கல்வி. நாம் குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் வயதில், அவர்கள் குழந்தைக்கு நிலத்தைக் கற்பித்தனர். பல்லியின் சுவடு எது, பாம்பின் சுவடு எது, நேற்றுப் பதிந்தது எது, இன்று காலை பதிந்தது எது என்று சிறுவரும் சிறுமியரும் பெரியோரின் பக்கத்தில் நடந்து நடந்து தேர்ந்தனர்.

அக்கல்வியின் முறையை ஒருவாறு விளக்கலாம். முழுமையான அடிச்சுவடு காட்டில் அரிதாகவே கிடைக்கும். புரண்ட கல்லின் ஈரமான அடிப்பக்கம், மடங்கிய புல், நசுங்கிய சருகு, ஒடிந்த சுள்ளியின் வெளிறிய முனை ஆகியவையே எழுத்துகள். இரு சிறு சுவடுகளும் ஒரு குறுஞ்சுவடும் சேர்ந்து வந்து, ஓரிடத்தில் குறுஞ்சுவடு மட்டும் மறைந்து, மற்றொன்று முன்னிலும் ஆழமாகப் பதிந்திருக்குமாயின், இளையவனை ஒருவர் தூக்கிக்கொண்டார் என்பது பொருள். அவ்வாறே, இவ்விடத்தில் சிறியவன் களைத்து அமர்ந்தான், இவ்விடத்தில் அவனைச் சுமந்தனர், இங்கே இரவைக் கழித்தனர் என்று அம்மூவரும் உடன் வந்தோர்க்குப் படித்துக் காட்டினர் என அக்காலச் செய்திகள் கூறும். குதிரையின்மேல் விரைந்தவர் கண்ட காட்டையே இவர்களும் கண்டனர். அவர்களுக்கு அது வெற்றுத்தாள். இவர்களுக்கு அது எழுதிய ஓலை.

இதற்கு மூன்றாண்டுகளுக்குப்பின் நிகழ்ந்த மற்றொன்றைக் காண்போம். 1867-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள். பொன் அகழும் ஊராகிய டேல்ஸ்பர்டிலிருந்து 6, 5, 4 வயதுடைய சிறுவர் மூவர் நடந்து சென்றனர், வழி தவறினர். மறுநாள் தொடங்கி ஊர் முழுவதும் காட்டில் இருந்தது எனலாம். சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டனர், கடைகள் அடைக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் அணியணியாகச் சென்று தேடினர். கடுங்குளிர் காலம், அடர்ந்த காடு, எங்கும் சுரங்கக் குழிகள். வாரக்கணக்கில் தேடியும் பயனில்லை. செப்டம்பர் 14-ஆம் நாள், ஒருவரின் நாய் ஒரு சிறுவனின் காலணியை வாயிற் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. அதைக்கொண்டு தேடியபோது, ஒரு பெருமரத்தின் பொந்தினுள்ளும் அதனருகிலும் அக்குழந்தைகளின் உடல் எச்சங்கள் கிடைத்தன.

அந்தப் பொந்து நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. குளிரில் வாடிய குழந்தை வெட்டவெளியில் நிற்பதில்லை. மரப்பொந்து, புதரின் அடி, பாறை இடுக்கு என்று ஒடுங்கும் இடத்தை நாடுகிறது. நிமிர்ந்து நடக்கும் பெரியவனின் கண்ணுக்கு அவ்விடம் தென்படாது. சில அடி தொலைவில் பலர் கடந்து சென்றாலும், உறங்கும் குழந்தையையோ சோர்ந்த குழந்தையையோ அவர்கள் அறிய முடியாது. பெரியவரின் உயரத்திலிருந்து தேடுவதன்று, குழந்தையின் உயரத்திலிருந்து தேடுவதே முறை என்ற பாடம் அன்று எவராலும் எழுதப்படவில்லை. அத்துன்பத்திலும் அவ்வூர் பெருந்தன்மையை இழக்கவில்லை. இரு மக்களை இழந்த கிரகாம் குடும்பத்தார் ஊராரின் உதவிக்கு நன்றியாக, அவ்வூர்ப் பள்ளியின் முதல் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க நிதி வைத்தனர். தம் பிள்ளைகள் பயின்று பெற்றிருக்கக்கூடிய பரிசைப் பிறர் பிள்ளைகள் பெறுமாறு செய்த அச்செயலைக் காட்டிலும் உயர்ந்த நினைவுச் சின்னம் வேறு யாது?

நிற்க. ஜேனின் புகழ் பாடப்புத்தகத்தில் நிலைத்தது என்றோம். அவளைக் கண்டெடுத்தவரின் கதை என்னாயிற்று? ஜங்குன்ஜினானுக் 1868-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து சென்று ஆடிய முதல் கிரிக்கெட் குழு முழுவதும் பழங்குடியினரால் ஆனது என்பதை இன்று பலர் அறியார். சார்லஸ் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் தலைமையில் அக்குழு 47 ஆட்டங்கள் ஆடி, 14-இல் வென்று, 14-இல் தோற்று, 19-ஐ வெற்றி தோல்வியின்றி முடித்தது. ஆட்டம் முடிந்தபின் டிக்-அ-டிக் மைதானத்தின் நடுவே ஒரு குறுகிய கேடயமும் வளைந்த தடியும் ஏந்தி நிற்பார். பார்வையாளர் சிலர் ஒருசேர அவர்மேல் பந்தெறிவர். ஒவ்வொன்றையும் அவர் தடுத்தோ விலகியோ தப்புவார். கண்ணின் கூர்மையே அவ்வித்தையின் அடிப்படை. அவர் பயன்படுத்திய தடி இன்றும் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் காட்சிச்சாலையில் உள்ளது.

அவர் நாடு திரும்பிய 1869-ஆம் ஆண்டிலேயே விக்டோரியா அரசு ஒரு சட்டம் இயற்றியது. பழங்குடியார் எங்கே வாழவேண்டும், எங்கே வேலை செய்யவேண்டும் என்பவற்றை ஒரு வாரியம் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதனால் உண்டாயிற்று. ஒன்பது நாள் தொலைந்த குழந்தைகளைத் தம் நிலத்தில் கண்டெடுத்துக் கொடுத்த மக்களுக்கு, அந்நிலத்தில் தம் விருப்பம்போல் நடக்கும் உரிமையே இல்லாமற்போயிற்று. நிலத்தை இழந்தால் நிலத்தைப் படிக்கும் கல்வியும் தேயும் அன்றோ? அம்மக்களின் வழித்தோன்றல்களுக்கு விம்மெராப் பகுதியில் ஓரளவு நில உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது 2005-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே. ஊரார் திரண்டு செய்த தேடல்களின் வரலாற்றை எழுதும்போது, கூலிக்கும் ஏவலுக்கும் வந்தவர் என்று இவர்களை ஒரு வரியில் ஒதுக்கிவிடுதல் முறையாகாது. அவர்கள் வந்திராவிட்டால் ஜேனின் கதை டேல்ஸ்பர்டின் கதையாகவே முடிந்திருக்கும்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தேடலுக்கு ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் அப்போது வளர்ந்தது. 1936-இல் நியூ சவுத் வேல்ஸில், காட்டு நடைக் கழகங்களைச் சேர்ந்தோர் தமக்குள் ஒரு தேடல் பிரிவை அமைத்துக்கொண்டனர். 1949-இல் விக்டோரியாவிலும் அவ்வாறே ஓர் அமைப்பு தோன்றியது. ஆர்வம் மட்டும் உடையவர் என்ற நிலையிலிருந்து, பயிற்சியும் உடையவர் என்ற நிலைக்குத் தொண்டர் உயர்ந்தனர்.

1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸின் கைரா என்னும் ஊருக்கு அருகே 4 வயதுச் சிறுவன் ஒருவன் காணாமற்போனான். தந்தை ஆடுகளைத் திரட்டச் சென்ற சிறு பொழுதில் அவன் வழி தவறிவிட்டான். செய்தி வானொலியிலும் நாளிதழ்களிலும் பரவியது. ஏறத்தாழ 5,000 பேர் திரண்டனர். வானிலிருந்து விமானங்களும் தேடின. நான்காம் நாள் அவன் உயிரோடு கிடைத்தான். அந்நாடே களித்தது, அவனைப்பற்றி அவ்வாண்டிலேயே எழுந்த பாட்டு எங்கும் ஒலித்தது. கூட்டத்தால் பயனே இல்லை என்று நாம் முடிவு செய்தல் தவறு என்பதற்கு இது சான்று. பரந்த நிலத்தைக் குறுகிய காலத்தில் அலசப் பல கால்கள் வேண்டும்.

ஆனால், பல கால்களால் விளையக்கூடிய இடரை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 1969-இல் அமெரிக்காவில் நடந்தது. டென்னசி மாநிலத்தின் எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில், ஜூன் 14-ஆம் நாள், குடும்பத்தாருடன் வந்திருந்த 6 வயதுச் சிறுவன், மற்றச் சிறுவருடன் ஒளிந்து விளையாடியபோது மறைந்தான். சில நிமிடங்களிலேயே தேடத் தொடங்கினர். ஆயினும் அன்று மாலை பெய்த கடும் மழையில் மலைப்பாதைகள் ஓடைகளாயின. அடுத்த நாட்களில் தொண்டரும் படைவீரருமாகக் கூட்டம் பெருகியது. மிகுந்திருந்த காலத்தில் 1,400 பேர் அளவுக்கு அங்கே இருந்தனர். அச்சிறுவன் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

அத்தேடலைப் பின்னர் ஆராய்ந்தோர் கூறிய குறை இது: தடம் காணத் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை முடியுமுன் ஆயிரக்கணக்கான காலடிகள் அந்நிலத்தின்மேல் பதிந்துவிட்டன. குழந்தையின் சுவடு எங்கேனும் எஞ்சியிருந்தாலும் அதைப் பிரித்தறிய இயலாத நிலை உண்டாயிற்று. கூட்டமே அவனை இழக்கச் செய்தது என்று எவரும் துணிந்து கூற முடியாது. மழையும் மலையும் பெருங்காரணங்கள். ஆனால், அன்பினால் ஓடிவந்தோரின் அடிகளே குழந்தை விட்டுச்சென்ற செய்தியை அழிக்கக்கூடும் என்ற உண்மை அன்று தெளிவாயிற்று. அமெரிக்கப் பூங்காத் துறையினர் தம் தேடல் முறைகளை அதன்பின் மாற்றி அமைத்தனர்.

இன்று பயிற்சி பெற்ற தேடல் குழுவினர் பின்பற்றும் வரிசையைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, குழந்தை இறுதியாகக் காணப்பட்ட இடத்தைக் கயிறு கட்டிக் காப்பர்; எவரையும் அங்கே நடக்கவிடார். இரண்டாவது, குழந்தை நடந்திருக்கக்கூடிய தொலைவைக் கணக்கிட்டு, அதைச் சூழ்ந்த பாதைகளிலும் சாலைகளிலும் ஆட்களை நிறுத்துவர். தேடும் எல்லை நாளுக்கு நாள் விரியாதபடி அது காக்கும். மூன்றாவது, தடம் காண்போர் நடுவிலிருந்து தொடங்காமல் அந்த எல்லையைச் சுற்றி நடந்து, மணற்பாதையையும் ஓடைக்கரையையும் பார்ப்பர். குழந்தையின் சுவடு எல்லையைக் கடந்திருக்குமாயின் திசை தெரியும். கடக்கவில்லையாயின் குழந்தை உள்ளேதான் உள்ளது என்று அறியலாம். காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்திருக்கும்போது சுவட்டின் நிழல் நீளும். அப்போதுதான் அதை நன்கு காணலாம். இரவில் கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் அதே பயன் கிட்டும். இவற்றின் பின்னரே, நெருக்கமாக வரிசையில் நடந்து தேடும் பெருங்கூட்டத்துக்கு இடம். அவ்வரிசையிலும் அனைவரும் ஒரே வேளையில் ஊதலை ஊதி, பின் ஒரே வேளையில் வாய்மூடிச் செவி சாய்க்கவேண்டும். ஓயாது கூவும் கூட்டம் மெலிந்த குரலைக் கேட்பதில்லை.

குழந்தையின் உள்ளத்தையும் இன்று ஆராய்ந்துள்ளனர். மிகச் சிறிய குழந்தைக்குத் தான் தொலைந்துவிட்டோம் என்ற உணர்வே இராது. தன் மனம் ஈர்த்த வழியில் போய், களைத்தவிடத்தில் படுத்துறங்கும். சற்றுப் பெரிய குழந்தையோ, திட்டு வாங்க நேருமோ என்ற அச்சத்தாலும், அறியாதவருடன் பேசலாகாது என்று நாமே சொல்லிவைத்த அறிவுரையாலும், தன் பெயர் கூவி வருபவரைக் கண்டு ஒளிந்துகொள்வதுண்டு. தேடுபவனுக்குத் தான் நண்பன் என்பது தெரியும். ஒளிந்திருக்கும் குழந்தைக்கு அது தெரிய வேண்டுமே!

இவ்வுண்மையைப் பள்ளிக்குக் கொண்டுவந்த முயற்சி ஒன்றைக் கூறி முடிக்க விரும்புகிறேன். 1981-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் தொலைந்தான். பலர் தேடினர், குளிரால் இறந்த நிலையிலேயே அவன் கிடைத்தான். அத்தேடலில் பங்குகொண்டவருள் ஆப் டெய்லர் என்பவர் எல்லைக்காவல் துறையில் தடம் காண்பவராக இருந்தவர். தேடுவோருக்குக் கற்பித்தால் மட்டும் போதாது, தொலையக்கூடிய குழந்தைகளுக்கும் கற்பிக்கவேண்டும் என்று அவரும் அவருடைய நண்பர்களும் முடிவு செய்தனர். 'ஒரு மரத்தைக் கட்டிக்கொள்' என்ற பொருளில் பெயரிட்டு, பள்ளிதோறும் சென்று சிறுவர்க்குச் சில எளிய செய்திகளைப் புகட்டினர். அத்திட்டம் பின்னர்க் கனடாவுக்கும் பரவிற்று.

அதன் சாரம் இதுவே. செல்லுமிடத்தைப் பெரியவரிடம் சொல்லிச் செல். வழி தவறினால் மேலும் நடவாதே. அருகிலுள்ள ஒரு மரத்தைத் துணையாகப் பற்றிக்கொண்டு அங்கேயே இரு. கையில் ஓர் ஊதல் வைத்துக்கொள். குரல் சோரும், ஊதல் சோராது. உன்னை எவரும் கோபிக்கமாட்டார். உன்னைத் தேடி வருபவர் எத்தனை பேராயினும் அத்தனை பேரும் உன் நண்பர்கள். பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. காட்டுக்கோ மலைக்கோ செல்லுமுன், சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளை மடித்த துணியின்மேல் வைத்து, குழந்தையைக் காலணியோடு அதன்மேல் மிதிக்கச் செய்து, அச்சுவட்டைக் காத்து வைத்திருங்கள். தடம் காண்பவர் ஆயிரம் சுவடுகளிடையே தேடவேண்டியது எதுவென்று அது காட்டிக் கொடுக்கும்.

ஐசக்கும் ஜேனும் பிராங்கும் 60 மைல் நடந்தனர். அவர்கள் முதல் நாளே ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தால், தந்தையின் குரல் எட்டும் தொலைவிலேயே இருந்திருக்கக்கூடும். அதை அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நம் ஊர்ச் சிறுவர் விம்மெராக் காட்டுக்குச் செல்லப்போவதில்லை. ஆனால் தேர்த்திருவிழாவின் நெரிசலுக்கும், மலைக்கோயில் வழிக்கும், கடற்கரைக்கும் செல்கின்றனர். அங்கும் அலையாமல் நின்ற இடத்தில் நிற்கக் கற்ற குழந்தையே எளிதில் கிடைக்கும். ஊரார் திரள்வர் என்பதில் எக்காலத்தும் ஐயமில்லை. திரண்டவருள் நிலத்தைப் படிக்க அறிந்தவருக்கு முதலில் வழிவிட வேண்டும். தேடுவோர் நண்பர் என்பதைக் குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் சொல்லிவைப்பது, பள்ளியில் ஒரு பாடவேளைக்குள் முடியக்கூடிய வேலைதான்.